ஒரு மடிக்காக இரண்டு பார்க்

என் தங்கை மகளுக்கு இரண்டரை வயதாகியும் மொட்டை அடிக்கவில்லை, காதும் குத்தவில்லை. காரணம் நான்தான். எங்கள் பக்கத்தில் அந்த இரண்டையும் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் செய்வார்கள். தாய்மாமனாகிய நானோ மஸ்கட்டில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் பம்புகளுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பிறப்பதற்கு நான்கு மாதம் முன்பு விமானம் ஏறியவன். இந்த வருஷம் லீவு, அடுத்த வருஷம் லீவு என்று தள்ளிக்கொண்டே போனது. மாப்பிள்ளை வீட்டில் முகத்தைச் சுளித்தார்கள். தங்கை அசையவில்லை. "எங்கண்ணன் வந்தாத்தானுங்க காதுகுத்து" என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள். குழந்தையின் முடி கண்ணை மறைத்து, தோளைத் தொட்டு, குடுமி போட்டும் அடங்காமல் வளர்ந்தது.

ஒருவழியாக லீவு கிடைத்து, காதுகுத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது சிங்காநல்லூரில் தங்கை வீட்டு வாசலில் போய் இறங்கினேன். தினமும் வீடியோ காலில் எனக்கு முத்தம் கொடுக்கிற பிள்ளை, ஓடி வந்து கட்டிக்கொள்ளும் என்றுதான் நினைத்தேன். அவள் என்னைப் பார்த்தாள். என் மீசையைப் பார்த்தாள். தங்கையின் நைட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, "வேணா" என்றாள். அவ்வளவுதான். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் அந்த "வேணா"வை நூறு தடவையாவது கேட்டிருப்பேன். பொம்மையை நீட்டினால் பொம்மையை வாங்கிக்கொண்டு "வேணா". பேரீச்சம்பழம் கொடுத்தால் அதைத் தின்றுகொண்டே "வேணா".

இதில் இன்னொருவன் இருந்தான். என் சித்தப்பா மகன். எனக்கு இரண்டு வயது இளைய தம்பி, தங்கைக்குச் சின்னண்ணன். பெரியநாயக்கன்பாளையத்தில் லேத்துப் பட்டறை வைத்திருக்கிறான். பட்டறையைப் பூட்டிவிட்டு வாரத்துக்கு நான்கு நாள் தங்கை வீட்டுக்கு வந்துவிடுவான். அவன் பைக் சத்தம் தெரு முனையில் கேட்டாலே குழந்தை கேட்டுக்குப் போய்த் தொங்கும். சின்ன மாமா என்று சொல்ல வராமல் "சின்மா, சின்மா" என்று குதிக்கும். கையெல்லாம் ஆயில் கறையோடு அவன் தூக்குவான். அவளும் அந்தக் கறையை மூக்கில் பூசிக்கொண்டு சிரிப்பாள். நான் டியூட்டி ஃப்ரீ கடையில் சென்ட் வாங்கி அடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன், சீண்டுவார் இல்லாமல்.

அடுத்த நாள் காலை தங்கை காபியை என் கையில் கொடுத்துவிட்டு நகராமல் நின்றாள்.

"ஏனுங்ணா, ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு அம்மணி."

"பாப்பா உங்ககிட்ட வரவே மாட்டேங்கறா. வியாழக்கிழமையும் இப்படியே பண்ணுனான்னா, சின்னண்ணன் மடியில உக்கார வெச்சுப்போடலாமுங்களா? அவரும் மாமன்தானுங்களே. அத்தனை ஒறம்பரை சனத்துக்கு முன்னால புள்ள உங்களைப் பார்த்துக் கத்துனா, உங்களுக்குத்தானுங்ணா சங்கடம்."

கோபம் வரவில்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். சுருக்கென்று இருந்தது என்பதை விட, வெட்கமாக இருந்தது. இரண்டரை வருஷம் எனக்காக ஒரு குடும்பத்தையே காக்க வைத்தவள், இப்போது என்னையே காப்பாற்றுவதற்காக இப்படிக் கேட்கிறாள். "அதெல்லாம் நான் பார்த்துக்கறேன். வியாழக்கிழமைக்குள்ள அவ என்ற மடியில உக்காருவா" என்று சவால் விட்டேன். எனக்கு எப்போதும் வாய் முன்னால் போகும், மூளை பின்னால் வரும்.

சவாலுக்கு நான் கண்டுபிடித்த வழிதான் பார்க். மேட்டுப்பாளையம் சாலையில் மலையடிவாரத்தில் பெரிய தண்ணீர்ப் பார்க் இருக்கிறதே, அங்கே சனிக்கிழமையே கிளம்பினோம். தம்பியிடம்தான் கார் இருந்தது, வேறு வழியில்லாமல் அவனையும் சேர்த்துக்கொண்டேன். ஆலையில் பம்பைப் பிரிக்கும் முன் செக் லிஸ்ட் எழுதுகிற பழக்கம் எனக்கு. ராத்திரியே போனில் எழுதி வைத்துவிட்டேன். பத்தரைக்குக் குடை ராட்டினம், பதினொன்றுக்கு வாத்துப் படகு, பதினொன்றரைக்குச் சின்னக் குளம். ஒவ்வொன்றிலும் யார் பக்கத்தில் யார் உட்காருவது என்பது உட்பட.

வாசலில் காவலாளி பையைத் திறந்து பார்த்து, "சாப்பாடெல்லாம் உள்ள விடறதில்லீங்" என்றார். தங்கை குட்டி டப்பாவைத் திறந்து ரசம் சாதத்தைக் காட்டினாள். "ஓ, பாப்பாவுக்குங்களா? கொண்டு போங்க, கொண்டு போங்க" என்று அவரே மூடிக் கொடுத்தார். அடுத்தது உயரம் அளக்கும் ஒட்டகச்சிவிங்கி. அதன் வயிற்றில் கோடு போட்டிருந்தார்கள். எங்கள் ஆள் அதன் முட்டிக்குக் கொஞ்சம் மேலே நின்றாள். அந்தப் பார்க்கில் இருந்த முக்கால்வாசிச் சமாச்சாரம் அந்த ஒரே கோட்டில் எங்களுக்கு இல்லை என்று ஆகிவிட்டது. மிச்சம் இருந்த கால்வாசியையாவது அவள் பார்த்தாளா என்றால், அதுவும் இல்லை.

அவள் பார்த்தது கால் கழுவுகிற குழாய். பிறகு அந்தத் தண்ணீர் போய் விழுகிற இரும்புச் சல்லடை. பாதையோரத்தில் அழகுக்குக் கொட்டியிருந்த கூழாங்கல்லில் ஒன்றை எடுத்து, சல்லடை இடுக்கில் போட்டாள். உள்ளே 'டபுக்' என்றது. அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! உலகத்தையே கண்டுபிடித்த முகம். அடுத்த கல். 'டபுக்'. அடுத்த கல். பின்னால் செயற்கை அலை எழும்பி ஐந்நூறு பேர் ஓவென்று கத்துகிறார்கள். ஒரு கரடி வேஷக்காரர் வந்து கை ஆட்டுகிறார். இவள் திரும்பவே இல்லை.

"கண்ணு, வாங்க, அங்க பாருங்க வாத்து! மாமா கூட வாத்துல போலாமுங்க" என்று கெஞ்சினேன்.

"வேணா."

"அட, குதிரை பாரு கண்ணு, சுத்துது பாரு!"

"வேணா, வேணா."

தம்பி என்ன செய்தான் என்றால், பேன்ட்டை முட்டி வரை சுருட்டிவிட்டு அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான். "இது பெருசு அம்மணி, போகாது. சின்னதா எடுங்க" என்று கல் பொறுக்கிக் கொடுத்தான். இருவருமாக ஒரு மணி நேரம். என் செக் லிஸ்டில் ஒரு வரி அடிபடவில்லை. ஒரு தடவை நான் கையைப் பிடித்து இழுத்தேன், லேசாகத்தான். அவள் தரையில் படுத்துக்கொண்டாள். நனைந்த சிமென்ட் தரையில், நடுப்பாதையில், மல்லாக்க. "வற்புறுத்தாதீங்ணா, அவளுக்கு இது போதும்போல" என்றான் தம்பி. அவன் சொன்னது சரிதான். சரியாக இருந்ததால்தான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. திரும்பும்போது காரில் அவன் பின் கழுத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். என் சொந்தத் தம்பி மாதிரி வளர்ந்தவன். அவன் மேல் எனக்குப் பொறாமை என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

திங்கட்கிழமை செய்ததை இப்போது சொல்லவே கூச்சமாக இருக்கிறது. தம்பியிடம் சொல்லாமல், வாடகைக் கார் பிடித்து, தங்கையையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு, உக்கடம் வழியாகப் பேரூரைத் தாண்டி மேற்கே இருக்கிற இன்னொரு பார்க்குக்குப் போனேன். "சின்னண்ணனைக் கூப்பிடலீங்களா?" என்று தங்கை கேட்டாள். "அவனுக்குப் பட்டறையில வேலை இருக்குதாம்" என்றேன். அவனைக் கேட்கவே இல்லை. தங்கை என் முகத்தைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்தப் பார்க்கில் ஒரு குட்டி ரயில் இருந்தது. ஒரு ஆலமரத்தையும் ஒரு சிமென்ட் யானையையும் சுற்றி வரும். ஏறும் இடத்தில் பலகையில் எழுதியிருந்தது: மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைகளைப் பெரியவர்கள் மடியில் வைத்துக்கொள்ளவும். அதைப் படித்ததும் எனக்குச் சாமியே எழுதிப் போட்ட மாதிரி இருந்தது. இனி அவள் விருப்பம் என்ன, என் விருப்பம் என்ன, சட்டமே அப்படித்தானே! தங்கையிடம், "நீ கீழ நின்னு போட்டோ எடு" என்று போனைக் கொடுத்துவிட்டு, குழந்தையை அலாக்காகத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். ரயில்காரர் கம்பியைக் குறுக்கே போட்டார். விசில் ஊதினார்.

ரயில் நகர்ந்த நொடியில் ஆரம்பித்தாள். முதுகை வில்லாக வளைத்து, குதிகாலால் என் வயிற்றில் உதைத்து, "சின்மா! சின்மாஆ!" என்று. அம்மாவைக்கூடக் கூப்பிடவில்லை. மூன்று சுற்று போகும் ரயில். முதல் சுற்றில் முன் பெட்டியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டாவது சுற்றில் ஒரு அம்மாள், "குழந்தை உங்களுதுதானுங்களா?" என்று கேட்டார். காது இரண்டும் சூடாகிவிட்டது. என் வாயிலிருந்து வந்தது எனக்கே கேட்டது.

"சும்மா இரு!"

ஆலையில் மோட்டார் சத்தத்துக்கு மேல் கேட்கிற மாதிரி கத்திப் பழகிய குரல் அது. அவள் நிறுத்தினாள். அழுகை அடங்கிக் குறைந்து நின்றது என்றில்லை, குழாயை மூடின மாதிரி நின்றது. உடம்பு விறைத்துப்போய், கையை நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு, மூச்சை மட்டும் விக்கி விக்கி இழுத்துக்கொண்டு என் மடியில் உட்கார்ந்திருந்தாள். நான் கேட்ட மடி. நான் விட்ட சவால். மூன்றாவது சுற்று முழுக்க அப்படியே உட்கார்ந்திருந்தாள். பயந்துபோன ஒரு பிள்ளையின் முதுகு எவ்வளவு சின்னதாக இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ரயில் நின்றதும் கம்பியைத் தூக்க என் கை வரவில்லை. ரயில்காரர் வந்துதான் தூக்கினார்.

தங்கை ஓடி வந்தாள். குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

அதற்குப் பிறகு நான் எங்கேயும் போகலாம் என்று சொல்லவில்லை. ஒரு மரத்தடியில் தரையில் உட்கார்ந்தேன். குழந்தை வெகு நேரம் அம்மாவின் தோளில் கிடந்துவிட்டு, இறங்கி, வழக்கம்போல ஏதோ ஒரு சல்லடையைக் கண்டுபிடித்தது. நான் கூப்பிடவில்லை. பார்க்கக்கூட இல்லை, பார்த்தால் பயப்படுவாளோ என்று. அப்படியே வேறு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது என் உள்ளங்கையில் ஈரமாக ஏதோ விழுந்தது. ஒரு கல். வைத்துவிட்டுப் போய்விட்டாள். இதை எடு, போடு என்று ஒன்றும் சொல்லவில்லை. கை நிறைய இருந்ததால் வைக்க இடம் தேடியிருப்பாள், அவ்வளவுதான். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கொஞ்சம் எடுத்துக்கொண்டேன்.

தங்கை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சொல்லிவிட்டேன்.

"அம்மணி, வியாழக்கிழமை அவன் மடியிலேயே உக்கார வெச்சுக்குவோம்."

"என்னுங்ணா திடீர்னு?"

"என்றகிட்ட அவளுக்குப் பயம். பயந்துட்டு உக்கார வேண்டாம். அவன்தான் ரெண்டரை வருசம் தூக்கி வளர்த்தியிருக்கறான். நான் சீர்த் தட்டைப் புடிச்சுட்டு நிக்கறேன்."

அவள் அழுதாள். "அப்புறம் இத்தனை நாள் நான் யாருக்காகங்ணா காத்திருந்தேன்?" என்று கேட்டாள். முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு ரசம் சாத டப்பாவைத் திறந்து, முதல் வாயைக் குழந்தைக்கும் அடுத்த வாயை எனக்கும் ஊட்டினாள். ஆறிப்போன சாதம்.

தம்பிக்கு அன்றைக்கே போன் செய்து, பார்க்குக்குப் போனதையும், பொய் சொன்னதையும், மடியையும் சேர்த்துச் சொன்னேன். "பார்க்குப் போனா என்னுங்ணா, அதுக்கு எதுக்கு இத்தனை விளக்கம்? ஆனா மடி உங்களுதுங்க. நான் எப்படிங்ணா உக்கார்றது?" என்று முரண்டு பிடித்தான். அதட்டித்தான் ஒத்துக்கொள்ள வைத்தேன். அதட்டுவது ஒன்றுதான் எனக்கு நன்றாக வருகிறது.

வியாழக்கிழமை மாப்பிள்ளை வீட்டுக் குலதெய்வக் கோயில். தோட்டங்களுக்கு நடுவில், ஒரு வேப்பமரத்தடி. தம்பி புது வேட்டியில் பாயில் உட்கார்ந்தான். நான் சீர்த் தட்டோடு பக்கத்தில் நின்றேன். "ஏனுங்க, மஸ்கட் மாமன் நிக்கறாரு, இவரு உக்காந்திருக்கறாரு?" என்று யாரோ கேட்டார்கள். தங்கை கேட்காத மாதிரி இருந்தாள். மொட்டைக்குக் குழந்தை சிணுங்கினாள், ஒரு வாழைப்பழத்தில் சமாதானம் ஆனாள். குளிப்பாட்டி, மொட்டைத் தலையில் சந்தனம் பூசி, மறுபடி தம்பி மடிக்கே கொண்டுவந்தார்கள். சின்மா மடியில் ராணி மாதிரி உட்கார்ந்து, சந்தனத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அந்த அழகைப் பார்த்ததில் சந்தோஷம்தான். வயிற்றில் ஒரு எரிச்சலும் இருந்தது, இல்லாமல் என்ன.

ஆசாரி ஊசிக் கம்பியை எடுத்ததும், பார்க்க மாட்டேன் என்று தங்கை கோயிலுக்குப் பின்பக்கம் போய்விட்டாள். மாப்பிள்ளை பிள்ளையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். தம்பி தலையைப் பிடித்துக்கொண்டான். ஆசாரி கை வைத்ததுதான் தெரியும், ஒரு நொடி சத்தமே இல்லை. பிறகு ஒரு அலறல். அலறிக்கொண்டே அவள் நிமிர்ந்து தம்பியின் முகத்தைப் பார்த்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். இரண்டு பேரையும் உதறிவிட்டு, மடியிலிருந்து வழுக்கி இறங்கி, கூட்டத்துக்குள் அம்மாவைத் தேடினாள். அம்மா இல்லை. தட்டோடு நான் நின்றேன். நேராக ஓடி வந்து என் காலைக் கட்டிக்கொண்டாள்.

தட்டை யார் கையில் கொடுத்தேன் என்று நினைவில்லை. தூக்கினேன். என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சந்தனம், கண்ணீர், சளி எல்லாம் என் புதுச் சட்டையில். எத்தனை கனம், எத்தனை சூடு! முதல் தடவையாக அவளாக வந்து என்மேல் சாய்ந்திருக்கிறாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, மறைப்பானேன்.

"இன்னொரு காது இருக்குதுங்" என்றார் ஆசாரி. "நேரம் போவுது. அப்படியே புள்ளையோட உக்காருங்."

தம்பி எழுந்து வந்து கையை நீட்டினான். அவன் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. "எங்கிட்டயே குடுத்துருங்ணா. எப்படியும் எம்மேல கோவத்துல இருக்கறா. அதையும் நானே வாங்கிக்கறேன். இப்பத்தான் உங்ககிட்ட வந்திருக்கறா, நீங்க எதுக்குக் கெட்ட பேர் வாங்கறீங்க?"

கொடுத்துவிடலாம் என்று மனசு சொன்னது. நிஜமாகவே சொன்னது. கொடுத்தால், நான் மஸ்கட் திரும்புகிற வரைக்கும் அவளுக்கு நான்தான் நல்ல மாமன். இரண்டரை வருஷம் தூக்கி வளர்த்தவன் ஒரே ஊசியில் பாதியை இழந்துவிட்டு, மீதியையும் எனக்காக இழக்கிறேன் என்று நிற்கிறான். அவனைப் பார்த்தேன். தலைக்கு மேல் கோபம் வந்தது, அவன் மேல் இல்லை.

"அக்கட்ட தள்ளுடா" என்றேன். பாயில் உட்கார்ந்தேன்.

அவளை மடியில் வைத்து, தலையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். "வலிக்குமுங்க சாமி. ஒரே ஒரு தடவைதான். மாமா இங்கயேதான் இருக்கறேன்" என்று காதில் சொன்னேன். ஆசாரி குனிந்தார்.

அலறி, திமிறி, தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். கன்னத்தில் ஒரு அறை வைத்தாள். சின்னக் கைதான், ஆனால் முழு பலத்தோடு. இன்னொரு அறை. மூன்றாவதாக ஓங்கின கை என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டது. முகத்தை மறுபடி என் நெஞ்சில் வைத்துத் தேம்பித் தேம்பி அழுதாள்.

"முடிஞ்சுதுங். புள்ளைய இறக்கி விடுங்" என்றார் ஆசாரி.

இறக்கிவிடப் பார்த்தேன். அவள் இறங்கவில்லை.